நாற்பத்தேழில் நின்ற எண்ணிக்கை

ஏழுமங்கலத்தில் ஒரு பந்து மூன்று வருஷமும் இரண்டு மாதமும் தானாகக் குதித்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, அது எப்படி என்றுதான். ஏழுமங்கலத்துக்காரர்கள் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அதைவிட அவசரமான கேள்விகள் இருந்தன: மழை வந்தால் அது நனையுமே என்ன செய்வது, காற்று இறங்கினால் யார் அடைப்பது, எண்ணிக்கையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனவளை எப்படித் திரும்ப வரவழைப்பது.

அந்த ஊரின் கூடைப்பந்து மைதானம் பேருந்து நிலையத்துக்கும் மிளகாய் மண்டிக்கும் நடுவில் இருந்தது. அங்கே மூச்சை இழுத்தால் பாதி டீசல் புகை, பாதி வத்தல் நெடி. விடியற்காலை ஐந்தரைக்கு விடியல் கூடைப்பந்துக் கழகத்துப் பெண்கள் அங்கே கூடி, மைதானத்தை நாலு சுற்று ஓடி, கழுத்தையும் தோளையும் முட்டியையும் கணுக்காலையும் சுழற்றி, உடம்பில் சூடு ஏறியதும் ஆளுக்கொரு பந்தை எடுப்பார்கள். எடுத்த பந்தை உடனே வளையத்தில் எறிந்துவிட முடியாது. இடுப்பைச் சுற்றி விட வேண்டும், தலையைச் சுற்றி விட வேண்டும், இரண்டு காலுக்கும் நடுவில் எட்டுப் போட வேண்டும், விரல் நுனிகளுக்குள் தட்டித் தட்டி மாற்ற வேண்டும், கடைசியாக எல்லோரும் வட்டமாக நின்று, பந்தைப் பார்க்காமல் எதிரே நிற்பவள் முகத்தைப் பார்த்தபடி, ஒருத்தி நூறுவரை எண்ண எண்ணத் தரையில் தட்ட வேண்டும். சாமான் அறைச் சுவரில் நீலப் பெயிண்டில் இரண்டு வரி எழுதியிருந்தது. நூறு முடியாமல் யாரும் வளையத்தைப் பார்க்கக் கூடாது. எண்ணத் தொடங்கியவரே ‘போதும்’ என்று சொல்லி முடிக்க வேண்டும். யார் எழுதியது, எந்தச் சண்டைக்கு அப்புறம் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வெள்ளையடிக்க வந்தவர்கள்கூட அந்த எழுத்தைச் சுற்றி அடித்துவிட்டுத்தான் போனார்கள்.

கழகத்தில் பந்தைத் தட்டி முன்னே கொண்டுபோகிற பொறுப்பு தில்லைநாயகிக்கும் ஜெசிந்தாவுக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒன்று; ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறந்தால் மற்றவள் கை உள்ளே இருக்கும். ஜெசிந்தா கேப்டன், குரல் பெரிசு. தில்லைக்குக் கைதான் குரல். இருபத்திரண்டு வயதில் இருவரும் ஒரே ரயிலில் போய், ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இருந்த ஒரே இடத்துக்கு இருவருமே ஆடிக் காட்டிவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வழி நெடுக வேர்க்கடலை தின்றுகொண்டு திரும்பினார்கள்.

அன்று ஐப்பசித் தூறல். ஜெசிந்தாவின் சைக்கிள் செயின் வழியில் கழன்றுகொள்ள, அவள் கிரீஸ் கையோடு ஓடி வந்து வட்டத்தில் நுழைந்தபோது எண்ணிக்கை தொடங்கியிருந்தது. வந்தவள் வழக்கம்போலக் குரலை உயர்த்தி அதைத் தன் வாயில் வாங்கிக்கொண்டாள். அவள் எண்ணினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வது வழக்கம். நாற்பத்தேழு என்று அவள் சொன்னபோது அவளுடைய தம்பி அமலன் செல்போனைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு கேட்டுக்குள் வந்தான்.

“ஜெசி, லிஸ்ட் வந்துருச்சு! ஒன் பேரு இருக்கு! நாளன்னைக்கு வடக்க போய்ச் சேரணுமாம். மூணு மணி பஸ்ஸ விட்டா ரயில் கிடையாது, வா வா!”

“தில்லை பேரு?” என்றாள் ஜெசிந்தா.

அமலன் செல்போனைச் சட்டையில் துடைத்தான். ஜெசிந்தா தில்லையைப் பார்த்தாள். தில்லை அவளைப் பார்த்தாள். பிறகு ஜெசிந்தா பந்தைப் பிடித்துத் தரையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்ட மறந்து வெறுங்காலோடு தம்பியின் பின்னால் போனாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பந்தைப் பிடித்துக்கொண்டார்கள். தில்லையின் கை மட்டும் பந்தை விட்டுவிட்டுச் சும்மா தொங்கியது. பந்து நிற்கவில்லை. தட்டுகிற கை இல்லாமலே அது தரைக்கும் அவள் இடுப்புக்கும் நடுவில், அவள் தட்டிக்கொண்டிருந்த அதே வேகத்தில், போய்ப் போய் வந்தது.

நின்றுவிடும் என்று பத்து நிமிஷம் பார்த்தார்கள். அதற்குள் மண்டி திறந்து வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன, வேலைக்குப் போக வேண்டியவர்கள் போனார்கள். தில்லை மட்டும் மதியம்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கண்டக்டர் விசில் ஊதியதும், பஸ் திரும்பியதும், ஜெசிந்தாவின் தாய் ஆரோக்கியம் அம்மா மகளுக்கு ஏதோ கத்திச் சொன்னதும் எல்லாம் அவளுக்குக் கேட்டன. எழுந்து நாற்பது அடி நடந்தால் பஸ் நிலையம். அவள் எழுந்திருக்கவில்லை.

முதல் வாரம் ஊர் கொஞ்சம் வேடிக்கை பார்த்தது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது. கையால் பிடித்துப் பார்த்தவர்கள், பந்து பிடிக்குள் அடங்கினாலும் கை சேர்ந்து மேலும் கீழும் ஆடுகிறது, தோள்பட்டை வலிக்கிறது என்று சொல்லி விட்டுவிட்டார்கள். மழைக்கு நனைகிறதே என்று வார்டு கவுன்சிலர் நான்கு தூண் நட்டுத் தகரக் கூரை போட்டு, பந்தைவிடப் பெரிசாகத் தன் பெயரை எழுதிக்கொண்டார். எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று கேட்டு நகராட்சி எழுதிய கடிதத்துக்கு மேலிடத்திலிருந்து எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: பயிற்சி நடைபெறுவதால் இடையூறு செய்ய வேண்டாம். அதையே ஒரு பலகையில் எழுதி மாட்டினார்கள். கழகத்தின் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் சங்கரலிங்கம் மாதம் ஒருமுறை பம்பையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்து, ஒரு குதிப்புக்கும் அடுத்த குதிப்புக்கும் நடுவில் ஊசியைச் செருகி ஒரு அமுக்கு, எடுத்து, மறுபடி செருகி ஒரு அமுக்கு என்று முக்கால் மணி நேரத்தில் காற்றடைத்துவிடுவார். பந்தின் எழுத்தெல்லாம் தேய்ந்து, மேல்தோல் உரிந்து, மொட்டையாகிவிட்டது; அது விழுகிற இடத்தில் சிமெண்ட் தரை ஆட்டுக்கல் குழிபோலப் பள்ளமாகிவிட்டது.

பஸ் நிலையத்து டீக்கடை காஜா மைதீன் நூற்றெண்பது குதிப்புக்குப் பாலை இறக்கினார். நூற்றெண்பத்தைந்தில் இறக்கினால் வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். தாய்மார்கள் தொட்டிலை ஆட்டுவதை விட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். மண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் அந்தத் தாளத்துக்கு ஏற்றி இறக்கினார்கள், இடுப்புப் பிடிப்பு குறைந்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டார்கள். கெட்டிமேளம் அந்தத் தாளத்துக்கு ஒத்து வரவில்லை என்று மேளக்காரர்கள் முதலில் தகராறு செய்தார்கள், பிறகு அவர்களும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஆனால் கழகத்துக்கு ஒரு சங்கடம் இருந்தது. பந்து குதித்துக்கொண்டிருக்கிறது என்றால் எண்ணிக்கை முடியவில்லை. எண்ணிக்கை முடியவில்லை என்றால் யாரும் வளையத்தைப் பார்க்கக் கூடாது. சுவரில் எழுதியிருக்கிறதே, என்ன செய்ய முடியும்? அதனால் அன்றிலிருந்து ஏழுமங்கலத்தில் ஒருவரும் பந்தை வளையத்தில் போடவில்லை. காலையும் மாலையும் தட்டினார்கள், சுழற்றினார்கள், எட்டுப் போட்டார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டினார்கள், இரண்டு கையிலும் இரண்டு பந்தைத் தட்டிக்கொண்டு கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வந்தார்கள். வலைகள் மக்கி விழுந்தன, வளையத்தில் ஒரு மைனா கூடு கட்டியது. மாவட்டப் போட்டிக்குப் போன பெண்களின் கையிலிருந்து எதிரணியால் பந்தைப் பறிக்கவே முடியவில்லை. பந்தை வைத்துக்கொள்ளும் நேரம் முடிந்து நடுவர் விசில் ஊதிப் பிடுங்கிக் கொடுக்கும்வரை அவர்களே தட்டிக்கொண்டிருந்தார்கள். எழுபத்தொன்றுக்குப் பூஜ்யம், எண்பத்தாறுக்குப் பூஜ்யம் என்று தோற்று, நல்ல கைத்தட்டல் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஒருமுறை வெளியூர்க் கல்லூரி மாணவி ஒருத்தி விருந்தாளியாக வந்து, தெரியாமல் ஒரு பந்தை வளையத்தில் போட்டுவிட்டாள். அது உள்ளே விழுந்தது. சங்கரலிங்கம் அதைப் பார்க்காததுபோல் பந்தை எடுத்துத் துடைத்து அறைக்குள் வைத்தார், பிறகு அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்கள்.

பழி முழுவதும் ஜெசிந்தா தலையில் விழுந்தது. ஊரில் இல்லாத ஆள்மேல் பழியைப் போடுவது சுலபம், அது எதிர்த்துப் பேசாது. ஊரில் இருந்த ஆரோக்கியம் அம்மா ரேஷன் வரிசையில் நின்றால், “நூறு எண்ண மூணு நிமிஷம் ஆகுமா? நின்னு முடிச்சுட்டுப் போக முடியாதா ஒம் மகளால?” என்று யாராவது கேட்டார்கள். அந்த அம்மா பையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, “வந்தா சொல்றேன்” என்பாள். தில்லையும் சிலமுறை அதே வரிசையில் நின்றாள். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததில் ஒரு ருசி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜெசிந்தா வரவில்லை. முதல் வருஷம் லீவு இல்லை. இரண்டாம் வருஷம் லீவு இருந்தது, தாயையும் தம்பியையும் தன்னிடம் வரச் சொல்லிவிட்டாள். ஒருமுறை சங்கரலிங்கம் செல்போனில் அவளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பந்துக்குப் பக்கத்தில் பிடித்தார். “போதும்” என்றாள் ஜெசிந்தா. பந்து கேட்கவில்லை. “சத்தமாச் சொல்லும்மா.” “போதும்!” அந்த முனையில் யாரோ அவளை அதட்டினார்கள், இணைப்பு போய்விட்டது. நேரில் வந்து சொன்னால்தான் ஆகும் என்று ஊர் முடிவு செய்தது.

மூன்றாம் வருஷம் மார்கழியில் ரயில்வே மறுபடி ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. வயது இருபத்தைந்துக்குள். தில்லைக்குத் தையில் இருபத்தைந்து முடிகிறது. தேர்வுக்கு இருபது நாள் இருந்தது, இதை விட்டால் அடுத்தது இல்லை. ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே புடவை பிரித்துக் காட்டுகிற வேலையே மிச்சம். தட்டுவதில் அவளை மிஞ்ச எட்டு மாவட்டத்தில் ஆள் கிடையாது. ஆனால் தேர்வில் பத்து முறை வளையத்தில் எறியச் சொல்வார்கள். யாருமில்லாத ஒரு மத்தியானம் அவள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய் எறிந்து பார்க்க நின்றாள். முட்டி மடங்கியது, பந்து மார்புவரை வந்தது, அதற்குமேல் கை எழவில்லை. நூறு முடியாத கை அது. பஸ் ஏறித் திரும்பும்போது அவளுக்கு அழுகை வந்தது, பக்கத்து சீட்டுக்காரி வத்தல் நெடி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளே ஜெசிந்தாவுக்குப் போன் செய்தாள்.

“நான்தான்.”

“தெரியுது. பின்னாடி பந்து சத்தம் கேக்குதே.”

“ஒருநாள் வந்துட்டுப் போடி. எனக்கு செலக்‌ஷன் இருக்கு.”



“அன்னிக்கு ஏன் பஸ் ஸ்டாண்டுக்கு வரல?” என்றாள் ஜெசிந்தா.

தில்லை போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழம வாரேன்” என்று ஜெசிந்தா வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் முழுவதும் மைதானத்தில் இருந்தது. நிற்க வேண்டும் என்பவர்களும் இருந்தார்கள், நிற்கக் கூடாது என்பவர்களும் இருந்தார்கள். காஜா மைதீன், “எனக்குப் பாலு பொங்கிரும், பரவால்ல, அந்தப் புள்ளைக்கு வேலை கிடைக்கணும்” என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார். கைக்குழந்தைக்காரிகள் அவரைப் போல் தாராளமாக இல்லை. கவுன்சிலர் தன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெசிந்தா கொஞ்சம் சதை போட்டிருந்தாள், வலது முட்டியில் கட்டு போட்டிருந்தாள். கூட்டத்தில் யாரையும் பார்க்காமல், தாயின் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து, தூணுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்துக்கு எதிரே நின்றாள்.

“எதுல விட்டேன்?”

“நாப்பத்தேழு” என்றாள் தில்லை.

ஜெசிந்தா தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்பத்தெட்டு என்று தொடங்கினாள். குரல் பழையபடி மண்டிவரை போனது. கழகத்துப் பெண்கள் வட்டமாக நின்று அவள் எண்ணிக்கைக்குத் தட்டினார்கள். ஐம்பது, அறுபது, எழுபத்தைந்து என்று போகப் போகக் கூட்டத்தில் சிலர் உதட்டை அசைத்தார்கள், தொண்ணூறுக்கு மேல் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. நூறு என்றாள் ஜெசிந்தா. “போதும்.”

பெண்கள் எல்லோரும் பந்தைப் பிடித்துக்கொண்டார்கள். மொட்டைப் பந்து மட்டும் குதித்துக்கொண்டே இருந்தது.

“போதும்” என்று இன்னொரு முறை சொன்னாள். ஆரோக்கியம் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ, “சரியாச் சொல்லலையோ?” என்றார்கள். ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட முட்டியை நீட்டிக்கொண்டு, பந்தையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு என்றால் நல்ல சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

“ஏண்டி தில்லை, அன்னிக்கு நான் லேட்டுல்ல?”

“என்னது?”

“செயின் கழண்டுருச்சு. கையெல்லாம் கிரீஸு. நான் கேட்டுக்குள்ள வரும்போது ஒம்பது எண்ணிட்டு இருந்தீங்க. நான் பத்துலருந்துதான் எண்ணுனேன். ஒண்ணுன்னு ஆரம்பிச்சது யாரு?”

கழகத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் இல்லை, நான் இல்லை என்று ஒவ்வொரு தலையாக ஆடியது. ஆடாமல் இருந்த தலை ஒன்றே ஒன்று. தூறலும், ஈரத் தரையும், கேப்டன் வரவில்லையே ஆரம்பித்துவிடுவோமா என்று யாரோ கேட்டதும், தன் சின்னக் குரலில் ஒன்று என்று சொன்னதும், அதற்குப் பத்துப் பேர் பந்து ஒன்றாகத் தரையில் விழுந்ததில் தனக்குள் ஒரு பெருமை வந்ததும் தில்லைக்கு இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. மூன்று வருஷமாக எந்தக் காலையிலும் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அது அவள் வாயில் இருந்திருக்கிறது, அவள் வடக்கே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ரேஷன் வரிசை அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் ஆரோக்கியம் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள். “அம்மா” என்றாள். அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மொதல்ல அத நிறுத்து. மத்தத வீட்டுக்கு வந்து பேசு” என்றாள்.

தில்லை திரும்பி வந்து பந்துக்கு முன்னால் நின்றாள். கூட்டம் காத்திருந்தது. அவள் சொல்லவில்லை.

“சொல்லுடி” என்றாள் ஜெசிந்தா.

“சொன்னா நீ போயிருவ.”

“சொல்லாட்டியும் மூணு மணி பஸ்ல போயிருவேன். நாளன்னைக்கு எனக்கு டூட்டி.”

அது நியாயமாகத்தான் இருந்தது. அந்தப் பந்து நின்றுவிட்டால் ஜெசிந்தா திரும்பி வருவதற்கு ஒரு காரணமும் இருக்காது என்று தான் பயந்துகொண்டிருந்தது தில்லைக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அன்று பஸ்ஸில் அழுததுகூட வேலைக்காக இல்லை, இவளைக் காணாமல் இருந்ததற்குத்தான் அழுதிருக்கிறாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“போதும்” என்றாள், சின்னக் குரலில்தான்.

பந்து மேலே வந்து, அவள் உள்ளங்கையில் ஏறி, நின்றது. சாதாரணக் கனம்தான். ஏழுமங்கலம் முழுவதும் ஒரு கணம் சத்தமில்லாமல் இருந்தது, அந்தக் கணம் முடிந்ததும் ஊரில் இருந்த தொட்டில் பிள்ளைகள் அத்தனையும் ஒன்றாக விழித்து அழ ஆரம்பித்தன. காஜா மைதீன், “பாலு!” என்று கத்திக்கொண்டு ஓடினார்.

தில்லை வளையத்தைப் பார்த்தாள். மைனா ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. முட்டியை மடக்கினாள், பந்து மார்புக்கு வந்தது, முகத்துக்கு வந்தது, தலைக்கு மேலே போனது. விட்டாள். மொட்டைப் பந்து வழுக்கிக்கொண்டு போய், வளையத்தைத் தொடாமல், பலகையைத் தொடாமல், சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் நிலையத்தில் விழுந்தது. மூன்று வருஷம் காத்திருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜெசிந்தா நொண்டிக்கொண்டே வேறொரு பந்தை எடுத்து அவள் மார்புக்கு எறிந்தாள்.

“இன்னொண்ணு.”

கூட்டைச் சங்கரலிங்கம் ஏணி வைத்து இறக்கித் தகரக் கூரையில் வைத்தார். பன்னிரண்டாவது எறி வளையத்தில் பட்டது. முப்பத்தோராவது உள்ளே போனது. அப்போது பார்த்துக்கொண்டிருந்தது ஜெசிந்தாவும் ஆரோக்கியம் அம்மாவும் சங்கரலிங்கமும் மட்டும். மற்றவர்கள் பிள்ளைகளைத் தூங்கவைக்கப் போய்விட்டார்கள்.

மூன்று மணிக்குத் தில்லை பஸ் நிலையத்துக்குப் போனாள். ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தாள், வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள், பையை மேலே ஏற்றிவிட்டுக் கீழே இறங்கி நின்றாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

“காலையில யாரு எண்ணப் போறது?” என்றாள் ஜெசிந்தா ஜன்னல் வழியாக.

“நான்தான்.”

“நூறு வரைக்கும் எண்ணி முடிச்சுரு, என்ன?”

“முடிச்சுருவேன்” என்றாள் தில்லை. பஸ் திரும்பி, மண்டிப் பக்கமாகப் போனது.